கடுகு போடாத எண்ணெய்

வெங்காயத்தைக் கண்டாலே மணிமேகலைக்கு இப்போதெல்லாம் குமட்டியது. ஆனாலும் செவ்வாய் வெள்ளி தவறாமல் அதைத்தான் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக இதே பாடு. சாம்பாருக்கு இல்லாமல் போனாலும் போகட்டும் என்று, தலைக்காக அரைக்கிலோ சின்ன வெங்காயம் அடுப்படிக் கூடையில் எப்போதும் கிடக்கும். அதை உரிக்க வேண்டும், மிக்ஸியில் அடிக்க வேண்டும், பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிய வேண்டும். சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டு, ஒரு பிடி கறிவேப்பிலை உருவிப் போட்டு, சடசடப்பு அடங்குகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் பொங்கி வழிந்து, அதைத் துடைப்பது தனி வேலை. வேலைக்குத்தான் பஞ்சமே இல்லையே அவளுக்கு.

தேய்த்துக்கொள்கிற நாட்களில் நாலரைக்கே எழுந்துவிடுவாள். மண்டை முழுக்க எண்ணெயை விட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சோறு வடித்து, மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி முடிக்கும்போது தலை ஒரு மணி நேரம் ஊறியிருக்கும். பிறகு ஷாம்பு. ஒரு பாக்கெட்டில் எண்ணெய் போகாது. இரண்டாவதும் கிழித்துத் தேய்த்தால் எண்ணெய் போகும், வாடை போகாது. ஈரத்தலையோடு எட்டுப் பத்து பஸ்ஸைப் பிடித்து அறந்தாங்கி போய் இறங்கினால், ஜவுளிக்கடையில் இரவு ஏழு மணி வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் மேனேஜருக்குப் பொறுக்காது.

ஏழு வருஷம் பட்டுப்புடவைப் பக்கம் நின்றவள் அவள். மூன்று மாதத்துக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க மூக்க மூடுறாங்க. கொஞ்ச நாளைக்குக் கீழ போர்வை செக்ஷன்ல இருங்க" என்றார். கீழே காற்றாடி கிடையாது. ஜமுக்காளத்துக்கும் தலையணை உறைக்கும் நடுவில் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கும்போது, வெங்காய வாடை இன்னும் நன்றாகக் கிளம்பும்.

இத்தனையும் எதற்கு? அழகுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஷார்ஜாவில் இருக்கிற புருஷன் வரப்போகிறான், அதனால் சிங்காரித்துக்கொள்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு ஓடியது. அவளுக்கு அழகும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முடியை வளர்த்தது அதை மொட்டை அடிப்பதற்காக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழைக்கு, மகள் பிரகதீஸ்வரிக்கு டெங்கு வந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை. பிளேட்லெட் இறங்குகிறது, இறங்குகிறது என்றே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆத்தா, எம்புள்ளைய எந்திரிக்க வச்சிரு. என் முடிய முழுசா ஒங்கால்ல போட்டுர்றேன்" என்று ஊர் மாரியம்மனிடம் சொன்னாள். மறுநாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறந்து இட்லி கேட்டது.

அப்போது அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அந்தச் சடையைப் பார்த்துத்தான் கட்டினேன் என்று சோலையப்பன் ஊர் பூராவும் சொல்லித் திரிந்தவன். நேர்த்திக்கடனைக் கேட்டதும் போனில், "அடிக்கத்தான் வேணும், யாரு வேணாம்னா? நான் லீவுல வந்து ஒருதரம் கண்ணால பாத்துர்றேன் மேகலை. அப்பறம் அடி" என்றான். முதல் வருஷம் கம்பெனியில் லீவு தரவில்லை. இரண்டாவது வருஷம் விசா புதுப்பிக்கிற வேலை வந்துவிட்டது. இரண்டு திருவிழா வந்து போயிற்று. "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, அவளுக்குத் தெரியாததா" என்றான். அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

அதன்பிறகுதான் கொட்டத் தொடங்கியது. முதலில் சீப்பில், அப்புறம் தலையணையில், அப்புறம் குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகாமல் அடைக்கிற அளவுக்கு. டாக்டர் ரத்தம் கம்மி என்று மாத்திரை எழுதினார். கவலைப்படாமல் இருங்கள் என்றும் சொன்னார். அதற்கு மாத்திரை எழுதவில்லை.

மணிமேகலை போட்டுவைத்த கணக்கு வேறு. நான் குடுக்கல, அதனால ஆத்தா தானே எடுத்துக்கிறா. முடி தீர்ந்துபோனால் அடுத்து எதை எடுப்பாள்? இந்த இடத்துக்கு வந்ததும் மனசை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆனால் பிரகதி ஒரு தும்மல் போட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ராத்திரியில் தும்மினால் அதோடு தூக்கம் போச்சு. பதினோரு வயசுப் பிள்ளை, தூசிக்கும் தும்மும், மிளகாய்க்கும் தும்மும். அம்மா ஓடிவந்து ஓடிவந்து, கடைசியில் அது தும்மலை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தது.

உதிர்ந்த முடியில் ஒன்றைக்கூட அவள் வெளியே எறியவில்லை. சுருட்டிச் சுருட்டி ஒரு மஞ்சப்பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள். தெருவில் இறங்கினால் தலையில் முந்தானை இருக்கும், சோலையப்பன் வீடியோவில் கூப்பிட்டால் துண்டு இருக்கும். "இப்பத்தாங்க குளிச்சேன்" என்பாள். "எப்பப் பாத்தாலும் குளிச்சுக்கிட்டே இருக்கியே, அங்க அம்புட்டு வெயிலா?" என்று அவன் சிரிப்பான்.

வெங்காய எண்ணெயைச் சொல்லிக்கொடுத்தது கூட வேலை பார்க்கும் இந்துமதி. "மூணே மாசம்க்கா, மொசுமொசுன்னு வந்துரும்" என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். வீடியோவில் ஒருத்தி கிலோக் கணக்கில் முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். மணிமேகலைக்குப் புது முடி வருமா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். இருக்கிறது நின்றால் போதும். மொட்டை அடித்தால் தட்டில் விழுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே.

இந்த வருஷம் சோலையப்பன் டிக்கெட்டே போட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை வருகிறான், திங்கட்கிழமை கோயில் திருவிழாப் பொங்கல், அன்றைக்கே மொட்டை. முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிற வரைக்கும் அந்த ஊரில் எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. குழம்போ ரசமோ வெறுமனே கொதித்து இறங்கும். கடுகு டப்பாவை மேல்தட்டில் தூக்கி வைத்துவிடுவார்கள். தாளித்த வாசம் எழுந்தால் ஆத்தாளுக்கு ஆகாது என்பது ஊர்க்கட்டு.

இதெல்லாம் மணிமேகலைக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிறும் திங்களும் அவள் வீட்டு ரசமும் தாளிக்காமல்தான் இறங்கியது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள், சொட்டு இல்லை. திருவிழாவுக்கு முன்னால் இன்னும் இரண்டு தடவைதான் தேய்க்க முடியும். காப்புக் கட்டிக்கொண்டவர்கள்தானே எண்ணெய் தேய்க்கக் கூடாது, நமக்கென்ன என்று அதைக்கூட யோசித்தாள். சட்டியை அடுப்பில் வைப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. தலைக்குக் காய்ச்சுவதைச் சமையலோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றியது. எண்ணெய் காய்ந்தது. வெங்காயச் சாற்றை விட்டாள், கறிவேப்பிலையைப் போட்டாள்.

இரண்டு நாளாகத் தாளிப்பு வாசமே படாத தெரு அது. அவனவன் மூக்கு அதற்காகவே ஏங்கிப்போய்க் கிடந்திருக்கும். சடசடவென்ற சத்தமும் வாசமும் ஜன்னல் வழியாகப் போய் மூன்றாவது வீட்டு ஆளைக்கூட எழுப்பிவிட்டது.

"எவடி அவ, காப்புக் கட்டுன ஊர்ல தாளிக்கிறவ?"

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாளின் குரல். நல்ல மனுஷிதான், ஆனால் தொண்டை கொஞ்சம் பெரிசு. மணிமேகலை அடுப்பை அணைப்பதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் கோயில் காரியம் பார்க்கிற வெள்ளைச்சாமியும் கையில் காப்புக் கயிற்றோடு வந்து நின்றார். சோலையப்பனுக்கு மாமா முறை.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெ மாமா. சமைக்கல" என்றாள் மணிமேகலை. துண்டு கட்டிய தலை, கையில் கரண்டி.

"புருசன் வர்றதுக்குள்ள சிங்காரிச்சு முடிக்கணும்னு அவசரம்" என்றாள் பிச்சையம்மாள். "ஆத்தா பொறுக்கணுமாம், இவ முடி பொறுக்காதாம்."

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மணிமேகலை பதிலுக்குச் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போடுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "தெரிஞ்சு செஞ்சியோ தெரியாம செஞ்சியோ, அத நான் கேக்கல. காப்ப முறிச்ச வீட்டுல இருந்து இந்த வருசம் காணிக்கை, நேத்திக்கடன் எதுவும் வாங்கப்பிடாது. அதான் நம்ம ஊர்க்கட்டு. அடுத்த வருசம் பாத்துக்கத்தா" என்றார்.

அடுத்த வருஷம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிக்காகக் காய்ச்சிய எண்ணெயே முடியைக் கொடுக்க விடாமல் செய்துவிட்டதே! இதைவிடக் கேவலமான கூத்து ஒன்று உண்டா? அடுத்த வருஷம் வரைக்கும் இந்தத் தலையில் என்ன மிஞ்சும்? அதுவரைக்கும் ஆத்தா சும்மா இருப்பாளா? வாசல் ஓரத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரகதியைப் பார்த்தாள்.

"மாமா, வேற என்ன தண்டம் வேணா போடுங்க. மொட்டை அடிக்க வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

"மொட்டையா? யாருக்கு?"

உள்ளே போய் மஞ்சப்பையை எடுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். தலைத் துண்டையும் அவிழ்த்தாள். உச்சியில் வகிடு நாலு விரல் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. இடுப்பைத் தாண்டித் தொங்கிய சடை, பிரகதியின் சுண்டுவிரல் தண்டி இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதையும், இரண்டு வருஷம் தள்ளிப்போனதையும், எட்டு மாதமாகப் படுகிற பாட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் எதனால் லேட் என்று மேனேஜரிடம் சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

முதலில் பேசியது பிச்சையம்மாள்தான். "அடிப் பாவி, இத எங்கிட்டக்கூடச் சொல்லலையே நீயி" என்றாள். சொல்லிவிட்டு, தன் வாயால் வந்த வினையைத் தானே தீர்க்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மாமா, இதுல கடுகு இருக்கான்னு பாருங்க."

வெள்ளைச்சாமி குனிந்து பார்த்தார். "கடுகு போட்டியாத்தா?"

"இல்ல மாமா."

"உளுந்து?"

"இல்ல."

"வரமொளகா?"

"தலையில தேய்க்கிறதுக்கு யாரு மாமா மொளகா போடுவா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிச்சையம்மாள் விடவில்லை. கரண்டியால் சட்டியை அடிவரைக்கும் துழாவி, தெருவுக்கே காட்டினாள். "கடுகு வெடிச்சாத்தான் தாளிப்பு. இதுல வெடிக்கக் கடுகே இல்ல. பொறவு எப்புடித் தாளிப்பாகும்? மருந்து காச்சுனா ஊர்க்கட்டுல சேருமா?" என்றாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் எவடி அவ என்று கேட்டவளும் இவளேதான்.

"அப்ப வாசம்?" என்றான் ஒருத்தன்.

வெள்ளைச்சாமி சட்டியை வாங்கி மோந்து பார்த்தார். கடைசியில், "கடுகு இல்ல, அதனால தாளிப்பு இல்ல. வாசம் வந்ததுக்குக் கோயில் விளக்குக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெ வாங்கி ஊத்திரு. காப்பு அவுக்குற வரைக்கும் இந்தச் சட்டி அடுப்புல ஏறப்பிடாது. திங்கக்கெழம வந்து முடியக் குடு" என்றார். போகும்போது மஞ்சப்பையைப் பார்த்து ஒருதரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எட்டுப் பத்து பஸ் போயே போய்விட்டது. அன்றைக்குக் கடையில் அரைநாள் லீவு போட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் சோலையப்பன் கூப்பிட்டான். குரலைக் கேட்டவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சைட்டில் வேலை முடியவில்லை, டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், ஆடிக்குத்தான் வர முடியும். "ஒண்ணு செய் மேகலை. இந்த வருசமும் விட்டுரு. ரெண்டு வருசம் பொறுத்தவ இன்னும் ஒரு வருசம் பொறுக்க மாட்டாளா?"

"இல்லங்க. திங்கக்கெழம அடிக்கிறேன்."

"நான் பாக்க வேணாமா?"

பார்க்கிறதுக்கு என்ன இருக்கு என்று கேட்கலாம். துண்டை அவிழ்த்துக் காட்டலாம். எதற்கும் அவளுக்குச் சக்தி இல்லை. "போன்ல சார்ஜ் இல்லங்க" என்று வைத்துவிட்டாள். சார்ஜ் அவளுக்குத்தான் இல்லை.

திங்கட்கிழமை கோயில் ஊருணிக்கரையில் வேப்பமரத்தடியில் மொட்டை அடிக்கிற இடம். அறந்தாங்கியில் சலூன் வைத்திருக்கும் ஆத்மநாதன் திருவிழாவுக்கு மட்டும் வந்து உட்காருவார். மணிமேகலை மகளோடும் மஞ்சப்பையோடும் போய் வரிசையில் நின்றாள். பிச்சையம்மாள் கூடவே வந்து, யாரும் கேட்காவிட்டாலும் எல்லோரிடமும் கடுகு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதையும் சேத்துக்கலாமாண்ணே?" என்று பையைக் காட்டினாள் மணிமேகலை.

"ஒன் முடிதானம்மா? தட்டுல கொட்டு."

கொட்டினாள். எட்டு மாதச் சுமை, தட்டில் ஒரு கையளவு பந்தாகக் கிடந்தது. காற்றுக்குப் பறந்துவிடாமல் பிரகதி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

ஆத்மநாதன் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார். "வெங்காயமா?" என்றார். அவள் தலையாட்டினாள். சடையை அடியோடு நறுக்கித் தட்டில் வைத்தார். கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தவர், அப்படியே நிறுத்திவிட்டு உச்சியில் விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

"யாரும்மா ஒனக்கு முடி போச்சுன்னு சொன்னது?"

"ஏண்ணே?"

"கைய வச்சுப் பாரு. தல பூரா புதுசு கெளம்பியிருக்கு. வெரக்கடை உசரம். நாத்து விட்ட மாதிரி நிக்கிது."

கையை வைத்தாள். வகிட்டின் இரண்டு பக்கமும், முன்நெற்றியிலும், காதுக்கு மேலேயும் குட்டை குட்டையாக, சுருக்கென்று விரலில் குத்தியது. எட்டு மாதமாகத் தினமும் தொட்ட தலைதான். ஆனால் விழுந்ததைப் பொறுக்குவதிலேயே கண் இருந்துவிட்டது, வருவதைப் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டிருக்கிறவள் எதற்கு இப்படித் திரும்பத் தருவாள்? ஆத்தா அவளிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொண்டிருக்கவில்லை. அப்படியென்றால் முடிக்கு அடுத்து அவள் எடுக்கப்போவதும் ஒன்றும் இல்லை. இது புரிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அழாதவள், அந்த மரத்தடியில் அத்தனை பேர் முன்னால் விம்மி விம்மி அழுதாள்.

ஆத்மநாதன் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். "மனசு கேக்கலைன்னா பூமுடி எடுத்துக்கலாம்மா. சடைய வெட்டியாச்சு, இன்னும் ரெண்டு கத்தை வெட்டிப்புட்டா ஆத்தா ஏத்துக்குவா. புதுசு வளந்து வரட்டும்."

மணிமேகலை மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். "வேணாம்ணே. முழுசாத் தாரேன்னுதான் சொன்னேன். புதுசையும் சேத்து வழிச்சிருங்க."

கத்தி இறங்கியது. எட்டு மாத வெங்காயம், எட்டு மாத விடியற்காலை, போர்வைக் கட்டின் புழுக்கம் எல்லாம் பொடிப்பொடியாக மடியில் விழுந்தன. அவள் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை.

குளித்து, சந்தனம் பூசி, தட்டைச் சன்னதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. வீடியோ. துண்டு பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை. போனை நேராகப் பிடித்தாள்.

சோலையப்பன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருசமா நீங்க பாக்கணும்னு வச்சிருந்தது இதாங்க. பாத்துக்கங்க" என்றாள்.

"ஒந்தல இம்புட்டுச் சின்னதா இருக்கும்னு எனக்குத் தெரியாது மேகலை" என்றான். "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. தூங்குறியா இல்லையா நீ?"

மணிமேகலை போனை மகள் கையில் கொடுத்துவிட்டு, அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். மண்டையில் காற்றுப் பட்டுச் சில்லென்று இருந்தது. கொட்டுச் சத்தம், மைக்கில் யாரோ பெயர் வாசிக்கிற சத்தம், பிச்சையம்மாள் இன்னும் யாரிடமோ கடுகு, கடுகு என்று சொல்லிக்கொண்டிருக்கிற சத்தம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போயின.

"அப்பா, மொட்டை அடிச்சும் அம்மா தலையில வெங்காய வாடை போகல" என்று போனில் சொல்லிக்கொண்டே பிரகதி குனிந்து மோந்து பார்த்தாள். காய்ந்த சந்தனத் தூள் மூக்கில் ஏறிவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மரத்தடியே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டாள். அம்மா எழுந்துவிடுவாளே என்று பயந்து பார்த்தாள்.

மணிமேகலை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.